பார்வையிட்ட அலுவலர்

என் தங்கைக்கு மூன்று மெமோ கொடுத்தது நான்தான். கொடுத்தது எனக்கே தெரியாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் நானும் காதில் பூ சுற்றாதே என்று விரட்டியிருப்பேன். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நகரப் பேருந்துப் பணிமனையில் நான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும், யார் ஓட்ட வேண்டும், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் உடம்பு சரியில்லை என்று புளுகுகிறார்கள், எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எனக்குக் கோபம் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. முதுகுக்குப் பின்னால் என்னை 'அலாரம்' என்று கூப்பிடுகிறார்கள். அலாரம் இல்லாவிட்டால் காலை ஐந்தே காலுக்கு ஒரு வண்டியாவது கேட்டைத் தாண்டுமா என்பதை அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

என் தங்கை பதினேழாம் நம்பர் வண்டியின் டிரைவர். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். வீட்டில் கூப்பிடுவதும் சின்னவள் என்றுதான். நாங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். நான் முதல் மாடி, அவள் மூன்றாவது மாடி. அவள் கணவர் குழாய் வேலை செய்கிறவர். ஊரில் உள்ள ஒழுகல் எல்லாம் அடைபடும், எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அது காலையில் எழுந்ததும் படியிறங்கி என்னிடம் வந்தாக வேண்டும் என்று அடம் பிடிக்கும். எனக்கும் அது வந்தால்தான் விடியும்.

சின்னவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் சிரிப்பாள். எல்லோரும்தான் சிரிக்கிறார்கள், இவள் சிரிப்பது வேறு கணக்கு. அப்பா வழியில் வந்த கண் எங்களுக்கு. சிரித்தால் கன்னம் மேலே ஏறிக் கண்ணை முழுங்கிவிடும். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் ஒரு பக்கத்துச் சொந்தம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். போட்டோக்காரர் மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டு, "சிரிக்காம நில்லுங்களேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டதாக அம்மா சொல்வாள். எனக்கும் அதே கண்தான். ஆனால் நான் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்துப் பணிமனை வண்டி ஒன்று நடைபாதையில் ஏறிவிட்டது. டிரைவர் தூங்கிவிட்டார். நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. அலுவலகத்தின் சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தவள் நான். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "அவர் தூங்கறார்னு யாருக்குமே தெரியலையா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, டிரைவர் கண்ணைப் பார்க்கும் கேமரா வைக்கலாமா என்று கூட்டம் போட்டபோது, வேண்டாம் என்று கத்திய அத்தனை பேருக்கும் எதிராக எழுந்து நின்று வைத்தே ஆக வேண்டும் என்று சொன்னது நான். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

கேமரா வந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே கட்டைவிரல் பருமனில் ஒன்று. கண் ஒன்றரை வினாடிக்கு மேல் மூடியிருந்தால், கையில் போன் இருந்தால், சீட் பெல்ட் போடாவிட்டால், நான்கு வினாடி வீடியோவாக எடுத்து அனுப்பிவிடும். கண் மூடியது ஒரே மாதத்தில் ஐந்து தடவை ஆனால் ஒரு மெமோ. மூன்று மெமோவுக்கு மேல் போனால் விசாரணை. அநேகமாக ஸ்டியரிங் போய்விடும். போக்குவரத்து ஆணையம் ஒரு நல்ல விதியையும் சேர்த்து வைத்திருந்தது. மெஷின் சொன்னதால் மட்டும் யாருக்கும் மெமோ போகக் கூடாது, ஓர் அலுவலர் வீடியோவைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடு வரக் கூடாது என்று பட்டியலில் பெயர்கூட வராது, ஏதோ ஒரு நீள எண்தான் வரும். வீடியோவைத் திறந்தால்தான் முகம். எங்கள் பணிமனைக்கு அந்த அலுவலர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தும்மியவரை விட்டேன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியவரை விட்டேன், உண்மையிலேயே அசந்தவரைக் கூப்பிட்டு நானே இரண்டு திட்டும் ஒரு டீயும் கொடுத்தேன். பிறகு இன்னும் இரண்டு பணிமனைகளின் வீடியோவையும் என் தலையில் கட்டினார்கள். நாளைக்கு இருநூற்றைம்பது. ஆள் கூட்டவில்லை, நேரமும் கூட்டவில்லை. முணுமுணுத்தேன். கேமரா விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பையோடு ஓர் ஆள் வந்து, திரையின் மூலையில் ஒரு பச்சைப் பட்டனை வைத்துவிட்டுப் போனார். 'அனைத்தையும் உறுதி செய்.' நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாக இருக்கும் என்றார் மேலாளர். மீதி நாலு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. காலை வண்டிகள் எல்லாம் போய், பதினோரு மணிக்கு டீ வரும்போது அந்தப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு டீயை எடுத்துக்கொள்வேன். எட்டு மாதம் அப்படித்தான் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவள் கீழே வந்தாள். கையில் ஒரு தாள். எங்கள் குடும்பத்தில் யார் எந்த விண்ணப்பம் எழுதினாலும் என்னிடம் காட்டிப் பிழை திருத்திக்கொண்டு போவது வழக்கம்.

"அக்கா, இதுல பிழை இருந்தா பாத்துக் குடு."

வாங்கிப் படித்தேன். தன்னை ஓட்டுநர் பணியிலிருந்து விடுவித்து டிக்கெட் கவுன்ட்டரில் ஏதாவது வேலை தருமாறு கேட்டிருந்தாள். அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க இவள் என்ன பாடு பட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை தேர்வில் விழுந்து மூன்றாவது தடவை எழுந்தவள். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, கழற்றின ஷூவைக்கூட ஓரமாக வைக்காமல் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தவள்.

"என்னடி இது? பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காதக்கா. கஷ்டமா இருக்கு."

"எது தெரியாத மாதிரி?"

போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூன்று மெமோ. மெமோ தலைமை அலுவலகத்திலிருந்து நேராக டிரைவர் போனுக்குப் போய்விடும், என் கைக்கு வராது. தேதியும் நேரமும் வரிசையாகப் போட்டு, 'பணியின்போது உறக்கம்' என்று எழுதியிருந்தது. கடைசி வரி: 'மேற்படி வீடியோக்கள் அலுவலரால் பார்வையிடப்பட்டு உறுதி செய்யப்பட்டன.' அதன் கீழே, நாலாவது மாதமும் ஐந்தைத் தாண்டிவிட்டதால் வியாழக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம்.

"மூணு மாசமா எனக்குத் தூங்கினதே ஞாபகம் இல்லக்கா," என்றாள். "அதான் பயம். தூங்கறது தெரிஞ்சா பரவால்ல. எனக்குத் தெரியாமலே தூங்கறேன். ஆஸ்பத்திரிக்குப் போய் தலை பூரா ஒயர் ஒட்டிப் படுத்தேன். ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றார். அவர் ஒரு நாள் பாத்தாரு. நீ இத்தனை தடவை பாத்திருக்கே."

தாளை மேசைமேல் அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"குழந்தையைத் தூக்கிட்டுப் படி இறங்கறதை நிறுத்திட்டேன். கவனிச்சியா? அவரைத்தான் கொண்டுவந்து விடச் சொல்றேன். படியில கண்ணு சொருகிடுச்சுன்னா?" தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "உன் மேல கோபம் இல்லக்கா. வீட்ல நீ ஒரு வார்த்தை கேக்கலயே, வேலையை வேலையா வச்சிருக்கேன்னு நினைச்சேன். கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு."

'நான் பார்க்கவே இல்லையடி' என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. அதற்குப் பதிலாக, எழுத்தா இது, கோழி கிளறின மாதிரி, என்று எரிந்து விழுந்தேன். இரண்டு இடத்தில் பிழை இருந்தது, அதை வேறு திருத்தினேன். வியாழக்கிழமை முடிகிற வரைக்கும் இதை யாரிடமும் கொடுக்காதே என்று தாளைப் பிடுங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு மாடி ஏறிப் போனாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

திங்கள்கிழமை வண்டிகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீடியோக்களைத் திறந்தேன். மெமோவில் இருந்த தேதி, நேரத்தை வைத்துத் தேடினேன். முதல் மாதம் ஐந்து, இரண்டாவது மாதம் ஆறு, மூன்றாவது ஒன்பது, இந்த மாதம் இதுவரைக்கும் பத்து. எல்லாமே காலை எட்டே கால் சுமாருக்கு. எல்லாமே நாலாவது நிறுத்தத்தில், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, முன் கதவு திறந்திருக்கும்போது. முதல் வீடியோவை ஓட்டினேன்.

சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதிலும் சிரித்தாள். மூன்றாவதில் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். கன்னம் ஏறிக் கண் காணாமல் போய், அப்பா இருந்தால் இப்படித்தான் இருப்பார் என்பது போல ஒரு முகம். முப்பது வீடியோவையும் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாள் டீயை ஆறவிட்டிருந்தால் போதும். என் தங்கச்சி முகத்தைப் பார்க்க எனக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. கதவு சாத்தியிருந்ததால் அழுதேன்.

வீடியோவில் கதவோரம் ஒரு தொப்பி தெரிந்தது. யார் என்று எனக்குத் தெரியும். மார்க்கெட் முனையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். இடைவேளையில் அவர் கடைக்குப் போனேன். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியபடியே நிமிர்ந்தார்.

"டிரைவரம்மாவா? ஏறும்போது ஏதாவது ஒண்ணு சொல்லுவேன். முந்தாநாள் வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டு. உங்களை நம்பி டைம் வச்சு வச்சு என் கடையில இருக்கற கடிகாரம் பூரா ரிப்பேர்னு சொன்னேன். அவங்க சிரிப்பாங்க, எனக்கும் நாள் நல்லாப் போகும்." பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "மொதல்ல எப்பவாவது சொல்றதுதான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அவங்களே கேட்டாங்க. தூக்கம் வருதோன்னு பயமா இருக்கு, தெனமும் ஏதாவது சொல்லுங்க, முழிச்சிட்டிருப்பேன்னு. ராத்திரி உக்காந்து யோசிச்சு எழுதிட்டு வரேன்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். நாளைக்கு ஒன்றாக நகைச்சுவை எழுதியிருந்தது. அப்போதுதான் ஐந்து ஏன் ஆறாகி ஒன்பதாகிப் பத்தானது என்று எனக்கு விளங்கியது. தூங்காமல் இருக்க அவள் கையாண்ட வைத்தியமே அவளைத் தூங்குகிறவள் ஆக்கியிருக்கிறது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொன்னால் அந்த மனுஷர் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

திரும்பி வந்து, பார்க்காமல் விட்ட மற்ற வீடியோக்களையும் திறந்தேன். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவருக்குப் பிறவியிலேயே இமை தொங்கல். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு ஒரு வீடியோ வந்தது. பாலத்தின் மேல் ஓடுகிற வண்டி. டிரைவரின் தலை மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சட்டென்று நிமிர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். போன வாரத்து வீடியோ. அதையும் அதே பச்சைப் பட்டனால், அதே டீ நேரத்தில் நான் உறுதி செய்திருந்தேன். என் தங்கைக்குப் போன அதே வாசகத்தில் அவருக்கும் இரண்டு மெமோ போயிருந்தது. எங்கள் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓடிப் போய் மத்தியான டியூட்டியிலிருந்து இறக்கினேன்.

"மெமோ வந்துச்சே, பாக்கலியா?" என்றேன்.

"எல்லாருக்குந்தான் வருது. சீட்ல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினவனுக்கும் வருது. யார் மேடம் அதைப் படிக்கிறா?" என்றார். வீட்டில் அவர் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், ராத்திரி தூக்கமே இல்லையாம். அதையும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மேலாளர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. தலைக்கு மேலே வேலையும் காலுக்குக் கீழே நடுக்கமும் உள்ளவர்.

"தங்கச்சின்னு முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே அழிச்சிருப்பேனே மேடம்," என்றார். "அந்த முப்பதையும் இப்பவே எடுத்துடறேன். விசாரணை தானா ரத்தாயிடும். பட்டன் விஷயத்தை மட்டும் வெளிய விட்டுடாதீங்க. அடுத்த மாசம் நகரம் பூரா இதே கேமராவைப் போடப் போறாங்க, ஆணையத்துல கையெழுத்து ஆகற நேரம். நீங்க பாக்காம உறுதி செஞ்சதுன்னு வந்தா, மொதல்ல உங்களுக்குத்தான் நஷ்டம்."

பொய் சொல்ல மாட்டேன், அரை நிமிஷம் சபலப்பட்டேன். முப்பதும் அழிந்தால் சின்னவளின் ஸ்டியரிங் அவளுக்கு, என் மானம் எனக்கு. ஆனால் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறியது கண் முன்னால் வந்தது. மெமோவை அழித்துவிடலாம், அவள் மனதில் இருப்பதை யார் அழிப்பது? அவள் தன் கண்ணால் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும். டிரைவருக்கு வீடியோவைக் காட்டக் கூடாது என்பது கேமரா கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம். விசாரணைக் கூடத்தில்தான் காட்டலாம். பாலத்தில் சாய்ந்த தலை வேறு இன்னொரு பக்கம் என்னை உலுக்கியது.

"அழிக்காதீங்க சார்," என்றேன். "வியாழக்கிழமை நானும் வரேன்."

விசாரணை அறை ஒரு நீள மேசை, எட்டு நாற்காலி, சுவரில் வெள்ளைத் திரை. ஆணையத்திலிருந்து மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவி மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். ஆனால் பேச்சில் கறார். ஓரத்தில் பட்டன் வைத்த கம்பெனி ஆள், அதே பையோடு. சின்னவள் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, தண்டனைக்கு வந்தவள் போல என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

"வீடியோவைப் போட்டுக் காட்டணும்," என்றேன்.

போட்டார்கள். சுவர் முழுக்கச் சின்னவள் சிரித்தாள். அறையில் யாரோ களுக்கென்று கூடச் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அடுத்ததைப் போட்டார்கள். அதற்கடுத்ததை. சின்னவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"நான் சிரிச்சிட்டிருக்கேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "அக்கா, நான் தூங்கல. சிரிச்சிட்டிருக்கேன்."

தலைவி காகிதத்தைப் புரட்டினார். "அலுவலர் பார்வையிட்டு உறுதி செஞ்சதா இருக்கே. அந்த அலுவலர் யாரு?"

"நான்தான்."

"இதைப் பாத்துட்டா தூக்கம்னு போட்டீங்க?"

"பாக்கலை," என்றேன். "ஒண்ணுகூடப் பாக்கலை. ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா எல்லாத்தையும் பாத்ததா ஆயிடும். எட்டு மாசமா அதைத்தான் அமுக்கிட்டிருக்கேன்."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சின்னவள் பக்கம் திரும்பவில்லை. அவளாகவே என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். அவளுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை நான் முன்பு பார்த்ததில்லை.

"மெஷினுக்கு என்னைத் தெரியாது," என்றாள் மெதுவாக. "உனக்குமாக்கா தெரியாது?"

பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க மூன்று மாதம் பயந்தவள் கேட்கிற கேள்வி.

பிறகு கம்பெனி ஆள் எழுந்து, சிரிப்பையும் தூக்கத்தையும் பிரித்துப் பார்க்க மெஷினுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், இரண்டு மாதம் போதும் என்றார். அங்கேதான் என் பழைய கோபம் திரும்பி வந்தது. நல்ல வேளை.

"தாராளமாக் கத்துக் குடுங்க," என்றேன். "கேமரா வேணாம்னு நான் சொல்லல. பாலத்து மேல ஒருத்தர் நெஜமாவே தூங்கினதை அதுதான் புடிச்சுது. ஆனா நான்தான் அதைக் குப்பையோட குப்பையாக் கலந்துட்டேன். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மெமோ போனா, எது நெஜம்னு அவருக்கு எப்படித் தெரியும்? மெமோவை நீங்க போடுங்க, மெஷின் பேர்ல போடுங்க, யாரும் பயப்பட மாட்டாங்க. என் தங்கச்சி பயந்தது அந்தக் கடைசி வரிக்கு. அலுவலர் பார்வையிட்டார்னு இருக்கே, அதுக்கு. அந்த வரியைப் போடணும்னா ஒரு ஆள் உக்காந்து பாத்திருக்கணும். எத்தனை பாக்க முடியுமோ அத்தனைதான் அனுப்பணும். பாத்தவர் பேர் கீழ இருக்கணும். யாரைப் பத்தின வீடியோவோ அவங்க கேட்டா அன்னிக்கே போட்டுக் காட்டணும். அது ஒப்பந்தத்துல இல்லன்னா ஒப்பந்தத்தை மாத்துங்க."

கம்பெனி ஆள் செலவு கூடும் என்று ஏதோ சொன்னார். "கால் போன அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றேன். அது கொஞ்சம் அதிகம்தான்.

தலைவி எழுதிக்கொண்டே இருந்தார். மெமோக்கள் அன்றைக்கே ரத்தாயின. நகரம் பூராவுக்குமான கையெழுத்தைத் தள்ளி வைத்தார், பச்சைப் பட்டனை எடுக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒருவர் நாற்பதுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று பிறகு உத்தரவு வந்தது. மற்ற இரண்டு பணிமனைகளுக்கும் தனித்தனி ஆள் போட்டார்கள். எனக்கும் ஒரு மெமோ வந்தது. கேட்டு வாங்கின மாதிரிதான், மறுபேச்சு பேசவில்லை. எழுந்து போகும் முன் தலைவி சின்னவளிடம் ஒன்று கேட்டார்.

"உங்க பணிமனையில இனிமே யார் பாக்கணும்? வேற ஆள் போடவா?"

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவளே பாக்கட்டும்," என்றாள். "இனிமே பாத்துடுவா."

சொந்தக்காரர் வீடியோவாக இருந்தால் இன்னொருவரும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தலைவி சேர்த்துக்கொண்டார். அதற்கு டயர் பிரிவு மேற்பார்வையாளரைப் போட்டார்கள். ஒரு வீடியோவை அவர் டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் ஓட்டித்தான் விடுவார்.

அப்படிச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, சின்னவள் பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. முகத்தை மூன்று முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையிலேயே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே படியிறங்கி வந்து, என் கையில் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போனாள். எனக்கு அது போதுமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் உப்பு கேட்டு வந்தாள். அவள் வீட்டில் உப்பு தீரவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு உப்பை வாங்காமலே போனாள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாள் சின்னவளும் அவள் கணவரும் மாற்றி மாற்றி விழித்திருந்தார்கள். நாலாவது நாள் என் நாற்பதில் ஒரு வீடியோ வந்தது. திறந்தேன். மத்தியானம் இரண்டு நாற்பது, மார்க்கெட் வளைவு, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னவளின் இமை இறங்கியது. இறங்கியபடியே ஒன்றரை வினாடி இருந்தது. கன்னம் ஏறவில்லை, உதடு விரியவில்லை. மறுபடி ஓட்டினேன். டயர்க்காரரைக் கூப்பிட்டேன், முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு தூக்கம்தான் என்று தலையை ஆட்டினார். இன்னொரு தடவை தனியாகப் பார்த்தேன். அவள் வண்டி பணிமனைக்குள் வந்ததும் அடுத்த டிரிப்புக்கு வேறு ஆளை ஏற்றி அவளை வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு 'உறக்கம்' என்று எழுதி, பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

இப்போதெல்லாம் ஒரே தடவை என்றாலும் பார்த்தவரே நேரில் கொடுக்க வேண்டும் என்பதால், தாளை எடுத்துக்கொண்டு சாயங்காலம் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். சின்னவள் ஒரு தோளில் குழந்தையும் இன்னொரு தோளில் துவைத்த துணியுமாகக் கதவைத் திறந்தாள். தாளைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"பாத்தியா?"

"மூணு தடவை."

"எங்க?"

"மார்க்கெட் வளைவுல."

தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு எனக்கு லீவு போட்டுடுக்கா," என்று சொல்லி, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். நான் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக் காலை பதினேழாம் நம்பருக்கு ஆள் தேடிப் போன் பண்ண ஆரம்பித்தேன்.